ஊர் வரலாற்றுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

(இங்கிலாந்தில் ஒரு கவுண்டி வரலாற்று அறக்கட்டளையில் பொருளாளராகத் தன்னார்வப் பணி செய்யும் நம் வாசகி பதில் தருகிறார்.)

கேள்வி: இங்கிலாந்தில் ஊர் ஊராக வரலாறு எழுதும் வேலை நூறு வருடங்களுக்கு மேலாக நடக்கிறதாமே. அரசாங்கமா நடத்துகிறது? – வாசகர், கும்பகோணம்

நடக்கிறது, ஆனால் அரசாங்கம் நடத்தவில்லை. விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரி என்று பெயர். மகாராணி விக்டோரியாவுக்குச் சமர்ப்பணமாக 1899-ல் தொடங்கியது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. அதற்குள் ஒவ்வொரு பாரிஷாக (ஒரு சர்ச்சைச் சேர்ந்த ஊர்ப்பகுதி) எடுத்துக்கொண்டு, நிலம் யார் கையில் இருந்தது, என்ன விளைந்தது, என்ன தொழில் நடந்தது, சர்ச்சும் பள்ளிக்கூடமும் எப்போது வந்தன, ஏழைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஆதாரம் காட்டி எழுதுகிறார்கள்.

முதலில் இதை ஒரு தனியார் பதிப்பகம் ஏற்று நடத்தியது. சில வருடங்களிலேயே பணமுடை. அப்புறம் முதல் உலகப் போர். வில்லியம் பேஜ் என்ற ஆசிரியர் விடாமல் காப்பாற்றி வந்து, 1930-களின் தொடக்கத்தில் லண்டன் பல்கலைக்கழக வரலாற்று ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைத்தார். இதுவரை 230-க்கும் மேற்பட்ட சிவப்பு அட்டைத் தொகுதிகள் வந்திருக்கின்றன. வேலை இன்னும் முடியவில்லை. ஆரம்ப நாட்களில் காப்பகங்களில் உட்கார்ந்து ஆவணங்களைப் படித்தவர்களில் நிறையப் பேர் இளம்பெண்கள். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பெண்களுக்குப் பட்டம் கொடுக்காத காலம் அது. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

1947-ல் வில்ட்ஷயர் கவுண்டியில் உள்ளாட்சி மன்றங்கள் சேர்ந்து செலவை ஏற்றன. வேறு பல கவுண்டிகளும் அந்த வழியில் போயின. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு மன்றங்கள் பல கையை விரித்துவிட்டன. அந்த இடத்தை நிரப்பத்தான் எங்களைப் போன்ற அறக்கட்டளைகள் பாடுபடுகின்றன.

கேள்வி: தன்னார்வலர்கள் இலவசமாகத்தானே உழைக்கிறீர்கள்? பிறகு எதற்குப் பணம் திரட்டுகிறீர்கள்? – வாசகி, மதுரை

பயிற்சி பெற்ற ஒரு வரலாற்றாசிரியரின் நேரத்துக்கு. அறங்காவலர்களான எங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் எழுதுகிறவருக்குக் கண்டிப்பாக உண்டு. எங்கள் கூட்டங்களில் நான் இதை விட்டுக்கொடுத்ததே இல்லை. பண்ணை நீதிமன்றச் சுருள்கள், அதாவது நிலக்கிழார் தன் பண்ணையில் நடத்திய நீதிமன்றத்தின் பதிவுகள், பெரும்பாலும் லத்தீனில் இருக்கும், 1733 வரை. அதைப் படித்து, வேறு பத்து ஆவணங்களோடு ஒப்பிட்டு, எது நிற்கும் எது நிற்காது என்று சொல்வதற்குப் பல வருடப் படிப்பு வேண்டும். புத்தகம் அச்சிட என்று கேட்டால் நன்கொடை சட்டென்று வருகிறது. ஆளுக்குச் சம்பளம் என்றால் தயங்குகிறார்கள். அச்சுச்செலவு கடைசியில் வருவது. அதற்கு முன் இரண்டு மூன்று வருட உழைப்பு இருக்கிறது.

தன்னார்வலர்களின் வேலை சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் குழு செவ்வாய்தோறும் காப்பகத்தில் கூடி, இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்களைப் படியெடுக்கிறது. 16-ம் நூற்றாண்டு முதல் 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஒருவர் இறந்தால் அக்கம்பக்கத்தார் வீட்டுக்குள் அறை அறையாகப் போய் இருப்பதை எழுதி விலை போடுவார்கள். நான் படியெடுத்த ஒரு விதவையின் பட்டியலில் சமையலறைப் பித்தளைப் பாத்திரங்கள், இறகு மெத்தை, மாடியில் அடுக்கிய பாலாடைக்கட்டி, இரண்டு பசு எல்லாம் வருகின்றன. அப்புறம், ஊராருக்குக் கொடுத்திருந்த கடன்! வீட்டுச் சாமான் மொத்தத்தையும்விட அந்தக் கடன் தொகை பெரிது. வங்கி இல்லாத கிராமத்தில் அந்த அம்மாதான் வட்டிக்குக் கொடுத்திருக்கிறார். ஒரே பட்டியலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஐம்பது அறுபது சேர்ந்தால், அந்த ஊர் எதை விற்றுப் பிழைத்தது, எப்போது நிலை மாறியது என்பதெல்லாம் தெரியவரும். அந்த ஐம்பது அறுபதையும் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படியெடுக்க எங்களால் முடியாது. அதனால்தான் சம்பளம் வாங்கும் ஆய்வாளர், தன்னார்வலர்கள் என்று இரண்டு தரப்பும் வேண்டும்.

வருமானத்தில் நான் பெரிதாக மதிப்பது மாதா மாதம் வரும் சின்னத் தொகையை. வரி கட்டுகிறவர் 100 பவுண்டு கொடுத்தால், கிஃப்ட் எய்ட் முறையில் அறக்கட்டளை அரசிடமிருந்து இன்னும் 25 பவுண்டு பெறலாம். 2005-ல் லாட்டரி நிதியிலிருந்து இந்தத் திட்டத்துக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் மானியம் கிடைத்தது. நல்ல புத்தகங்கள் வந்தன. ஆனால் மானியத்துக்குக் கெடு உண்டு. கெடு முடிந்த மறுநாளும் ஆய்வாளருக்குச் சம்பளம் போட வேண்டுமே.

கேள்வி: பெரிய தொகை கொடுத்தவர் தன் முன்னோரைப் புகழ்ந்து எழுதச் சொன்னால்? – வாசகர், கோயம்புத்தூர்

எழுத முடியாது என்று பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். எழுதியதை லண்டனில் இருக்கும் ஆசிரியர் குழு சரிபார்க்கிறது. ஆதாரம் இல்லாத வரி அங்கே நிற்காது. இதைக் கேட்டுப் பின்வாங்குகிறவர் பின்வாங்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊருக்கும் இப்படி ஒன்று செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், சிவகங்கை

நிதி திரட்டுவதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். முதலில் உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டுகள் ஏற்கெனவே பதிப்பாகியிருக்கின்றனவா என்று இந்தியத் தொல்லியல் துறை வெளியிடும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற நூல் வரிசையில் தேடுங்கள். அது 1890 முதல் வருகிறது. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உங்கள் தாலுகா பற்றி என்ன இருக்கிறது என்று ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும். வீடுகளில் இருக்கும் பழைய பத்திரங்களைப் படம் எடுங்கள். வாங்கிக்கொண்டு போகாதீர்கள், ஊரில் சந்தேகம் வரும். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்று விசாரியுங்கள். அந்தத் தொகை தெரிந்த பிறகு அறக்கட்டளைப் பத்திரம் பதிவு செய்யலாம். நன்கொடைக்கான வருமான வரி அனுமதியும் வாங்கினால், பழைய வரி முறையில் வரி கட்டுகிறவருக்கு, கொடுத்த தொகைக்கு வரிக்குரிய வருமானத்தில் கழிவு கிடைக்கும். கணக்கை வருடாவருடம் ஊர்ப் பொதுவில் ஒட்டுங்கள்.