கார்னோசின்: மாத்திரையும் பவுடரும்

கார்னோசின் மாத்திரை நல்லதா, பீட்டா அலனின் நல்லதா?

பீட்டா அலனின். கார்னோசின் நம் தசையில் இருக்கும் பொருள்; பீட்டா அலனின், ஹிஸ்டிடின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்தது. அதை அப்படியே விழுங்கினால் ரத்தத்தில் இருக்கும் கார்னோசினேஸ் நொதி அதைச் சீக்கிரமே வெட்டிவிடும். தசை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். ஹிஸ்டிடின் அதனிடம் தாராளமாக இருக்கிறது, தட்டுப்பாடாக இருப்பது பீட்டா அலனின்தான்.

எவ்வளவு சாப்பிடலாம்?

உங்கள் கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான். வயது, விளையாட்டு, நோய், ஏற்கெனவே சாப்பிடும் மருந்து, எதுவும் இல்லை! பீட்டா அலனின் பவுடர் பொதுவாக தினம் 3 முதல் 6 கிராம், குறைந்தது 4 வாரம். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். கிராம் கணக்கைப் போடாமல் ‘சிறப்புக் கலவை’ என்று மட்டும் அச்சடித்த டப்பாவை வாங்காதீர்கள்.

குடித்த கொஞ்ச நேரத்தில் முகமும் காதும் சுருசுருவென்று ஊசி குத்துகிறது. வேலை செய்கிறது என்று அர்த்தமா?

ஒரே மூச்சில் அதிகம் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு வேளைக்கு 800 மில்லிகிராம் அளவாகப் பிரித்துக் குடியுங்கள். ஆபத்தில்லை, ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு அடங்கும்.

மாரத்தானுக்கு உதவுமா?

பெரிதாக இல்லை. தசையில் சேரும் அமிலத்தைத் தாங்குவதுதான் கார்னோசினின் வேலை. 1 முதல் 4 நிமிடம் வரை முழு மூச்சில் செய்யும் முயற்சிக்குத்தான் பலன், 800 மீட்டர் ஓட்டம் மாதிரி. அதுவும் 2, 3 சதவீதம்தான்.

முதுமையைத் தடுக்கும் என்கிறார்களே, அப்பாவுக்கு வாங்கித் தரலாமா?

வாரம் தவறாமல் யாராவது இதைக் கேட்கிறார்கள். 1900-இல் இறைச்சிச் சாற்றில் கண்டுபிடித்த பொருளை இன்றும் ‘புதிய கண்டுபிடிப்பு’ என்று விற்கிறார்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த மனித செல்கள் கார்னோசினில் கூடுதல் நாள் பிழைத்தது உண்மை. ஆனால் அங்கே ஊற்றிய செறிவு மாத்திரையால் ரத்தத்தில் வரவே வராது. சரி, எலிகள்? எலியின் ரத்தத்தில் அந்த வெட்டும் நொதியே இல்லை, நம் ரத்தத்தில் இருக்கிறது. எலிக்குக் கிடைத்த பலன் நமக்கும் கிடைக்கும் என்று எப்படிச் சொல்வது? விளம்பரத்தில் இந்த ஒரு வரி மட்டும் வராது. முதியவர்களிடம் நடந்த சிறு ஆய்வு ஒன்றில் தினம் 2.4 கிராம் பீட்டா அலனின், 90 நாள் எடுத்தபின் களைப்பு தள்ளிப்போனது. அது களைப்பைப் பற்றிய செய்தி, ஆயுளைப் பற்றியது அல்ல. அப்பாவை நடக்கவும் கொஞ்சம் எடை தூக்கவும் வையுங்கள். அப்புறமும் வாங்கத்தான் வேண்டுமென்றால், டாக்டரைக் கேட்டுவிட்டு, லேபிளில் கிராம் பார்த்து வாங்குங்கள்.

கண்புரைக்குக் கார்னோசின் சொட்டு மருந்து?

புரை கரையும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. கண் டாக்டரிடம் போங்கள்.

இரண்டு நாள் மறந்துவிட்டேன். எல்லாம் வீணா?

இல்லை. தசையில் ஏறியது இறங்கப் பல வாரம் ஆகும். விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகக் குடிக்காதீர்கள், சுருசுருப்புதான் மிஞ்சும்.