இணையம் வருகிறது, பிரிண்டர் தெரியவில்லை: மாதப் பராமரிப்பு ஒப்பந்தம் தேவையா?

இந்த ஒரு கோளாறுக்காக மாத ஒப்பந்தம் போட வேண்டியதில்லை. கடலூர் மஞ்சக்குப்பம் அலுவலகத்தின் பின்னறையில் புதிய வைஃபை ரவுட்டர் வைத்த பிறகே அங்குள்ள இரு கணினிகளுக்குப் பிரிண்டரும் டேலி கணக்கு மென்பொருள் உள்ள சர்வரும் தெரியாமல் போயின என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ரவுட்டர் தனியொரு நெட்வொர்க்கை உருவாக்கி, தன்னுடன் இணையும் கணினிகளுக்குத் தானே ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) வழங்குவதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

1. முன்னறைக் கணினி ஒன்றிலும் பின்னறைக் கணினி ஒன்றிலும் கமாண்ட் பிராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளையை இட்டு, முகவரிகளை ஒப்பிடுங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் காரணம் அதுவே.

2. அப்படியானால் புதிய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு, அதாவது தனி நெட்வொர்க் உருவாக்காமல் பழையதையே வைஃபையில் நீட்டிக்கும் முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையெனில், பழைய நெட்வொர்க்கில் வேறு எதற்கும் வழங்கப்படாத முகவரியொன்றை அதற்குக் கொடுத்து, டிஎச்சிபியை (தானாக முகவரி வழங்கும் வசதியை) நிறுத்திவிட்டு, கேபிளை வான் (WAN) போர்ட்டிலிருந்து லேன் (LAN) போர்ட்டுக்கு மாற்ற வேண்டும்.

இரு முகவரிகளும் ஒரே வரிசையில் இருந்தால் நான் சொன்ன காரணம் பொருந்தாது. விண்டோஸில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, வைஃபை கெஸ்ட் (விருந்தினர்) இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்; அவையும் கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி தடுக்கக்கூடும். எதுவாயினும், மாதாந்திர ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குரிய 20-ஆம் தேதி நெருங்கும்போது இதில் கை வைக்காதீர்கள்.

ஒப்பந்தமே வீண் என்று நான் கருதவில்லை. தொலைவிலிருந்தே கண்காணிப்பது, ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது, தரவுகளுக்குப் பிரதி எடுப்பது ஆகியவற்றைச் செய்ய ஆள் இல்லாத சிறு அலுவலகத்துக்கு அது தகும். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் தாக்கிய கடலூரில் தொழில் செய்பவர், அந்தப் பிரதி வெளியூரில் இருக்கிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டும். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் உங்களிடமும் இருக்கும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.