பேனாக்கத்தியும் விமானமும்: வாசகர் கேள்விகள்

விமானத்தில் எடுத்துப்போகிற மாதிரி நல்ல பேனாக்கத்தி ஒன்று சொல்லுங்களேன். (திருச்சி வாசகர்)

எங்கிருந்து எங்கே போகிறீர்கள்? கைப்பையிலா, கவுன்டரில் போடுகிற பெட்டியிலா? இரண்டையும் எழுதாமல் கேட்டால் என்னத்தைச் சொல்ல! இந்திய விமான நிலையங்களில் கைப்பையில் கத்தி கூடாது, எவ்வளவு சின்னதானாலும். பெட்டியில் போடுவதானால் விக்டோரினாக்ஸ் என்கிற சுவிஸ் கம்பெனியின் கிளாசிக் எஸ்டி போதும். எடை இருபது கிராம் சொச்சம், பிளேடு சுமார் மூன்றரை செ.மீ. ஆப்பிள் நறுக்க, பார்சல் பிரிக்க அது தாராளம். சாவிக்கொத்தில் மட்டும் மாட்டாதீர்கள். பெட்டியில் வைக்க மறந்து, சோதனைத் தட்டில் சாவியோடு சேர்த்துப் போடுவீர்கள்.

விக்டோரினாக்ஸ் கத்திகளில் 58, 84, 91 மி.மீ. என்று போட்டிருக்கிறார்களே, சில நாடுகளில் கைப்பையில் விடுகிற 6 செ.மீ. பிளேடு கணக்குக்குள் இதில் எது வரும்?

அது மடக்கிய நிலையில் கைப்பிடியின் நீளம். பிளேடை நீங்கள்தான் அளக்க வேண்டும், கைப்பிடியை விட்டு வெளியே வருகிற இடத்திலிருந்து நுனி வரை. 91-இன் பெரிய பிளேடு 7 செ.மீ.யை ஒட்டி வரும், ஆகாது. 84 கோட்டின் மேலேயே நிற்கிறது, அதுவும் வேண்டாம். ஒப்பினெல் என்கிற பிரெஞ்சு மடக்குக்கத்தியில் 4-ஆம் எண் 5 செ.மீ., 6-ஆம் எண் 7 செ.மீ. அரை செ.மீ.யாவது குறைவாகப் பார்த்து வாங்குங்கள். சோதனை அதிகாரி வெர்னியர் வைத்துக்கொண்டு நிற்பதில்லை.

அமெரிக்காவில் 6 செ.மீ. வரை விடுகிறார்கள் என்று வீடியோவில் பார்த்தேன். விற்பவரும் ‘டிஎஸ்ஏ அப்ரூவ்டு’ என்கிறார். வாங்கலாமா?

இந்தப் புரளிக்கு எப்போதுதான் சாவு வருமோ! 2013 மார்ச்சில் டிஎஸ்ஏ, அதாவது அமெரிக்க விமான நிலையங்களில் சோதனை நடத்தும் அரசு அமைப்பு, 6 செ.மீ.க்கு உட்பட்ட, லாக் (விரித்த பிளேடு மடங்காமல் பிடிக்கிற பூட்டு) இல்லாத சின்னக் கத்திகளை அனுமதிக்கப்போவதாக அறிவித்தது உண்மை. விமானப் பணியாளர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஜூனிலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள், ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை. முதல் பாதிச் செய்தியை மட்டும் இன்னும் சுற்றவிடுகிறார்கள். 2001 செப்டம்பருக்கு முன் அங்கே 4 அங்குலத்துக்குக் குறைந்த பிளேடை விட்டதும் நிஜம்தான். அதெல்லாம் பழங்கதை. இன்று அங்கே கைப்பையில் முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்தி, பிளாஸ்டிக் கத்தி தவிர வேறெதுவும் கூடாது.

‘அப்ரூவ்டு’ என்பது விற்பவர் ஒட்டிய லேபிள். டிஎஸ்ஏ எந்தக் கத்திக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

6 செ.மீ. கணக்கு நிஜமாகவே இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்திலும் சுவிட்சர்லாந்திலும். கனடாவிலும் 2017 நவம்பரிலிருந்து உண்டு, ஆனால் அங்கிருந்து அமெரிக்கா போகும் விமானத்துக்குச் செல்லாது. பிரிட்டன் கூரான, முனையுள்ள கத்தி எந்த நீளமானாலும் கைப்பையில் கூடாது என்கிறது. ஆக, உங்கள் பாஸ்போர்ட்டோ விமான நிறுவனமோ அல்ல, பையை ஸ்கேனரில் விடுகிற ஒவ்வொரு இடத்தின் விதியும்தான் கணக்கு. “போன தடவை விட்டார்களே” என்று எழுதுகிறவர்களுக்கும் இதே பதில்: விடவில்லை, கவனிக்கவில்லை.

ஜூரிக்கில் வாங்கிய சின்னக் கத்தியோடு துபாய் வழியாகச் சென்னை வரலாமா?

பெட்டியில் போட்டால் வரலாம். கைப்பையில் வைத்தால் ஜூரிக்கில் விடுவார்கள், துபாயில் இடைமாறும்போது மறுபடி ஸ்கேன், அங்கே போய்விடும்.

பெட்டியே கிடையாது, கைப்பை மட்டும்தான். என்ன செய்ய?

பிளேடே இல்லாத கருவி வாங்குங்கள். விக்டோரினாக்ஸ் ஜெட்செட்டர் அந்த ரகம். குட்டிக் கத்தரி, பாட்டில் திறப்பான், நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் உண்டு. கத்தரிக்கு அமெரிக்காவில் திருகாணியிலிருந்து 4 அங்குலம், ஐரோப்பாவில் 6 செ.மீ. வரம்பு, இது இரண்டுக்கும் வெகு கீழே. நம் ஊரில் கத்தரியையும் விசாரிப்பார்கள், வாதாடாதீர்கள்.

நகவெட்டி?

நகவெட்டி சரி. ஆனால் கடைத்தெருவில் விற்கிற ரகத்தில் நெம்புகோலுக்கு அடியில் ஒரு குட்டி பிளேடும் மடிந்திருக்கும். அதுவும் கத்திதான். வாங்குமுன் விரித்துப் பாருங்கள்.

பர்சில் வைக்கிற, கிரெடிட் கார்டு வடிவக் கத்தி?

கூடாது. டிஎஸ்ஏ பட்டியலில் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள்.

சீக்கியர்கள் மத வழக்கப்படி அணிகிற கிர்பான் என்கிற குறுவாளை விடுகிறார்களே?

அது தனிச் சலுகை. உள்நாட்டு விமானத்தில் பிளேடு 6 அங்குலம், மொத்தம் 9 அங்குலம் வரை. உங்கள் பேனாக்கத்திக்குப் பொருந்தாது.

பெட்டியில் எப்படி வைப்பது?

மடக்கி, அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, துணிகளுக்கு நடுவே. பக்கவாட்டு ஜிப்பில் வேண்டாம். பெட்டியைத் திறந்து சோதிப்பவர் கை வெட்டுப்படக் கூடாது. லைட்டரோடு சேர்ந்த கத்தியை வாங்கவே வாங்காதீர்கள்: கத்தி கைப்பைக்கு ஆகாது, வாயு அடைத்த லைட்டர் பெட்டிக்கு ஆகாது.

மகன் லீட்ஸில் படிக்கப் போகிறான். லாக் உள்ள மடக்குக்கத்தி வாங்கித் தரலாமா?

வேண்டாம். பிரிட்டனில் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்பது மடங்குகிற, லாக் இல்லாத, வெட்டுமுனை 3 அங்குலத்துக்கு மேற்படாத கத்திக்கு மட்டும். ஒப்பினெல் 6-ஆம் எண்ணிலிருந்து எல்லாவற்றிலும் வளைய லாக் உண்டு, அதுவும் ஆகாது. கிளாசிக் ஒன்றைப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள். விடுதி விதியைத் தனியாக விசாரிக்கட்டும்.