மலையிறக்கத்தில் நழுவும் இரண்டாம் கியர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தாத்தா ஒரு தேயிலைத் தோட்டத்தாரிடமிருந்து வாங்கிய, 1960களைச் சேர்ந்த சிஜே-3பி பெட்ரோல் ஜீப் பல ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்தது. எஞ்சினையும் பிரேக்கையும் சரிசெய்து, இப்போது ஓட்டத் தொடங்கியிருக்கிறோம். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஏற்றத்தில் இந்தத் தொல்லை இல்லை. பல்சக்கரங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். கியர்பாக்ஸை வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: பிரிக்கலாம், ஆனால் இந்த வாரமே கீழே இறக்கிவிடாதீர்கள். ஏற்றத்தில் தொல்லை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் ஜீப்பில் இருப்பது மூன்று கியர் கொண்ட டி-90 பெட்டியாக இருக்க வேண்டும். அதன் இரண்டாம் கியரின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. எஞ்சின் சக்கரங்களை இழுக்கும்போது அந்தச் சாய்வு பல்சக்கரத்தைத் தண்டின் ஒரு பக்கமாகத் தள்ளும். இறக்கத்தில் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றும்போது அதே சாய்வு எதிர்ப்பக்கமாகத் தள்ளும். வாஷர்களும் பேரிங்குகளும் தேய்ந்து, தண்டுக்கு முன்னும் பின்னும் நகர இடம் கிடைத்துவிட்டால், எதிர்ப்பக்கத் தள்ளலில் பல்லும் பல்லும் முழுமையாகப் பிடிக்காமல் நழுவுகின்றன. ஆகவே குற்றவாளி பெரும்பாலும் பல்சக்கரமாக இருக்காது, அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய சில்லறைச் சாமான்களாகவே இருக்கும்.

மலையில் உழைத்த ஜீப் சமவெளி ஜீப்பைப்போலத் தேய்வதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் வண்டிகள் ஆயுளில் ஏறக்குறைய பாதியை எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கிக் கழித்தவை என்பதால், பல்லின் பின்முகம்தான் முதலில் தேய்கிறது. கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் பல்சக்கரம் வாங்க நேர்ந்தால், கடைக்காரர் திருப்பிக் காட்டும் பளபளப்பான முகத்தோடு நின்றுவிடாமல், மறுமுகத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

சரிசெய்யும் வரை இரண்டாம் கியரை நம்பி மலையிறங்க வேண்டாம். முதல் கியருக்குச் சிங்க்ரோ (பற்கள் உரசாமல் சேர, அவற்றின் வேகத்தை முதலில் சமப்படுத்தும் வளைய அமைப்பு) கிடையாது. ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே வண்டியை முழுவதுமாக நிறுத்தி, முதல் கியரில் போட்டு இறங்குங்கள். இரண்டாம் கியரின் விகிதம் 1.55, முதல் கியரின் விகிதம் 2.80; எஞ்சின் அதே வேகத்தில் சுழன்றாலும் முதல் கியரில் வண்டி பாதிக்குச் சற்று மேலான வேகத்தில்தான் போகும். வண்டி ஊர்ந்துதான் வரும், பின்னால் வருபவர்கள் ஒலி எழுப்பவும் செய்வார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் செலவில்லாத பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். தரைத்தகட்டைக் கழற்றினால் கியர் கம்பு பொருத்தப்பட்ட மேல்மூடி கைக்கு எட்டும், அதை மட்டும் திருகாணி கழற்றித் தூக்கி எடுக்கலாம். அதற்குள் இரண்டு நகர்வுத் தண்டுகளும், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் எஃகுக் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். அரை நூற்றாண்டாக அழுந்திக்கிடந்த ஸ்பிரிங் தளர்ந்து போயிருக்கும். குண்டு உட்காரும் பள்ளத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். கியரை நகர்த்தும் கவையின் முனை ஒரு பக்கம் கத்திபோல மெலிந்திருக்கும். இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அதை மட்டும் மாற்றி, ஒருமுறை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த வேலையை யோசியுங்கள். இரண்டு தண்டுகளுக்கும் நடுவே குறுக்காக இருக்கும் சிறிய பூட்டுமுளையை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் மூடியைப் பூட்டினால், இரண்டு கியர்கள் ஒரே நேரத்தில் விழுந்து பெட்டி இறுகிக்கொள்ளும்.

அதிலும் தீராவிட்டால் பெட்டியைக் கீழே இறக்கத்தான் வேண்டும். இந்த ஜீப்பில் கியர்பாக்ஸும், அதன் பின்னால் ஒட்டி, முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒன்றாகவே கீழே வரும். எஞ்சினின் பின்பகுதியைத் தாங்குவதும் கியர்பாக்ஸுக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டமே என்பதால், அந்தச் சட்டத்தை அவிழ்க்கும் முன்பே எஞ்சினுக்கு அடியில் ஜாக்கியும் மரக்கட்டையும் கொடுத்துவிட வேண்டும். உதவிக்கு இன்னொருவர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

ஆயிலை வடிப்பதற்கு முன் வண்டியைச் சற்று ஓட்டி, சூட்டோடு வடியுங்கள். வடிந்ததைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பாருங்கள். பொன்னிறத் தூளாக வந்தால் சிங்க்ரோ வளையங்கள் தேய்கின்றன என்று பொருள். காந்தத்தில் ஒட்டும் சில்லுகள் வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது.

டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்கும் இடத்தில்தான் முதல்முறை செய்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டிக்கொண்டவன்தான். அதன் பின்மூடியைத் திறந்து, ஸ்ப்ளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, கியர்பாக்ஸிலிருந்து நீண்டு வரும் மெயின் ஷாஃப்டின் முனையிலுள்ள பல்சக்கரத்தை எடுத்த பிறகு கேஸைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது மெயின் ஷாஃப்டும் கூடவே பின்னால் வந்துவிட்டால், அதன் முன்முனையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மெல்லிய உருளைகள் பெட்டிக்குள் சிதறும். என் முதல் முயற்சியில் அவை பெட்டிக்குள் மட்டும் சிதறவில்லை, வாசல் சரளையிலும் சிதறின. எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது. ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி வாசல் முழுவதும் இழுத்ததில் இரண்டு லாட ஆணிகள் கிடைத்தன, உருளை கிடைக்கவில்லை. மறுநாள் அது என் கால்சட்டையின் மடிப்புக்குள் இருந்தது. இதைத் தவிர்க்கும் வழி ஜீப்பின் பழைய பணிமனைக் கையேட்டிலேயே இருக்கிறது. மேல்மூடியை எடுத்துவிட்டு, இரண்டாம் கியருக்குச் சற்றுப் பின்னால் மெயின் ஷாஃப்டைச் சுற்றி ஒரு கட்டுக்கம்பியை வளைத்து முறுக்கி, அதன் இரு முனைகளையும் மூடியின் திருகாணிகளில் இருபுறமும் கட்டிவிட்டால், ஷாஃப்ட் இருந்த இடத்திலேயே நிற்கும்.

அடியிலுள்ள கவுண்டர் ஷாஃப்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் தண்டை அடித்து எடுக்கும்போது, அதே கனத்தில் மயிரிழை குறைவாகவும், பல்சக்கரத் தொகுதியின் நீளத்துக்கு மிகாமலும் கடைந்த ஒரு மரக்குச்சியைப் பின்தொடர்ந்து உள்ளே செலுத்த வேண்டும். தண்டு வெளியேறியதும் அதன் இடத்தில் குச்சி நின்று, உள்ளிருக்கும் ஊசி உருளைகளை விழாமல் பிடித்துக்கொள்ளும். சில்வர் ஓக் மெத்தென்று நசுங்கும். கற்பூர மரக்கட்டையில் (யூகலிப்டஸ்) கடைந்தால் நிற்கிறது.

இனி அளப்பது. கவுண்டர் ஷாஃப்டின் பல்சக்கரத் தொகுதிக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். கையேடு அனுமதிப்பது அங்குலத்தில் 0.012 முதல் 0.018 வரை, அதற்கு மேல் போனால் அந்தந்தக் கனத்தில் வாஷர் வாங்கிப் போட வேண்டும். சிங்க்ரோ வளையத்தை அதன் கூம்பின்மீது கையால் அழுத்திப் பிடித்துத் திருகிப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் நல்லது, வழுக்கிச் சுற்றினாலோ, வளையத்துக்கும் அதன் பக்கத்துப் பற்களுக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் போயிருந்தாலோ, அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் சிறிய புஷ்ஷைப் பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. கியர்பாக்ஸின் முன்தண்டு அதில்தான் நுனியை ஊன்றி நிற்கிறது. அது தேய்ந்திருந்தால், புதிய பல்சக்கரம் எத்தனை போட்டாலும் தண்டு தள்ளாடும், கியரும் நழுவும்.

என் கணிப்பில், பேரிங்குகள், வாஷர்கள், சிங்க்ரோ வளையங்கள், ஸ்பிரிங்குகள், சீல்கள், அந்தப் புஷ் ஆகியவற்றோடு உங்கள் வேலை முடிந்துவிடும். உதிரிபாகம் கிடைக்குமோ என்று அஞ்சத் தேவையில்லை. இந்த மாடல் அமெரிக்காவில் 1953இல் வந்து 1968இல் நின்றுபோனாலும், நம் நாட்டில் மகிந்திரா அதற்குப் பிறகும் நெடுங்காலம் தயாரித்தது. ஆனால் பழைய சாமானை வீட்டில் வைத்துக்கொண்டு கடையில் பெயர் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். நான் அப்படி வாங்கி வந்த வளையம் வேறொரு பெட்டிக்கு உரியது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அது இன்று என் மேசையில் காகிதம் பறக்காமல் காக்கிறது.

கேள்வி: பனிக்காலத்தில் காலையில் இரண்டாம் கியர் விழ மறுக்கிறது. பத்து நிமிடம் ஓடிய பிறகு சரியாகிவிடுகிறது. இரைச்சல் குறையும் என்று கியர்பாக்ஸில் 140 ஆயில் ஊற்றியிருக்கிறார்கள்.
— வாசகர், தலைக்குந்தா

பதில்: உறைபனி விழும் ஊரில் 140 ஆயில் விடியற்காலையில் பாகுபோலக் கிடக்கும். அந்தப் பாகைக் கிழித்துக்கொண்டு சிங்க்ரோ வளையம் கூம்பைப் பிடிக்க வேண்டியிருப்பதால்தான் கியர் விழ மறுக்கிறது. இரைச்சலை அடக்கக் கனமான ஆயில் ஊற்றுவது, பல்வலிக்குக் காதில் பஞ்சு வைப்பதைப் போன்றது. எஸ்.ஏ.இ. 90 ஊற்றுங்கள். டப்பாவில் ஜி.எல்-4 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் ஜி.எல்-5 வகை ஆயில்கள் பலவற்றில் உள்ள கந்தகச் சேர்க்கை, வளையங்களின் பித்தளையை நாளடைவில் அரித்துவிடக்கூடும்.

கேள்வி: மாதந்தோறும் கியர்பாக்ஸில் ஆயில் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறந்தால் அதில் கூடுதலாக இருக்கிறது.
— வாசகர், குன்னூர்

பதில்: எங்கும் போகவில்லை, அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஆயில் போய்வர வழி உண்டு, மலையேற்றத்தில் அது பின்பக்கம் சேருவதும் இயல்பு. ஆகவே இரண்டையும் ஒரே நாளில் வடித்து, இரண்டிலும் ஒரே ஆயிலை ஊற்றி, சமதரையில் நிறுத்தி அளவு பாருங்கள். குன்னூரில் சமதரை தேடுவதுதான் இதில் கடினமான பகுதி. அதன் பிறகும் அளவுக்கு மீறி இடம் மாறினால், அடுத்தமுறை பெட்டியைப் பிரிக்கும்போது பின் பேரிங்கையும் சீலையும் மாற்றுங்கள்.

கேள்வி: 1969ஆம் ஆண்டுப் பதிவு கொண்ட ஜீப்பை ‘வின்டேஜ்’ வண்டியாகப் பதிந்துகொள்வது நல்லதா? பழைய எண் போய்விடுமா?
— வாசகர், உதகை

பதில்: எண் போகாது, ஏற்கெனவே பதிவுள்ள வண்டிகள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ள 2021ஆம் ஆண்டு விதிகள் இடம் கொடுக்கின்றன. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகள் கடந்திருப்பதோடு, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவை அடிப்படையில் மாற்றப்படாமலும் இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் ஏற்றியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்பல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம், அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுக்க முடியாது. நீங்கள் சந்தைக்கும் தோட்டத்துக்கும் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே வழக்கம்போல ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டுங்கள். சாம்பல் நிறத்திலிருந்து சிவப்புக்கு மாற்றப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நிறமாற்றத்தையும் ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள்.