சென்னையில் தரைத்தள வீடு. மழைக்காலத்துக்கு முன் ஆன்லைனில் விற்கும் 'சர்வைவல் கிட்' வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். நானும் அப்படி ஒரு பை வாங்கினவன்தான். 32 பொருள் என்று போட்டிருந்தது. தீமூட்டும் கல், மரம் அறுக்கும் கம்பி, திசைகாட்டி, தூண்டில் முள் எல்லாம் இருந்தன. தூண்டில் முள்ளைக்கூட மன்னிக்கலாம், 2015இல் முடிச்சூரில் எங்கள் ஹாலுக்குள்ளேயே மீன் வந்தது. ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அந்தப் பையில் ஒன்றும் கிடையாது.

அந்தக் கிட் காட்டில் வழி தவறியவனுக்கு. நமக்கு வருவது வேறு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு பொங்கி இரவோடு இரவாக எங்கள் தெருவுக்குள் வந்தது. அப்புறம் மூன்று நாள் மாடி வீட்டுக்காரர் தயவில் இருந்தோம். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, கீழே சாக்கடை கலந்த தண்ணீர். அரை லிட்டர் பாலை 100 ரூபாய்க்கு விற்றார்கள். இந்த மூன்று நாளை மனதில் வைத்துக்கொண்டு பொருள் வாங்குங்கள்.

முதலில் தண்ணீர். குடிக்கவும் கொஞ்சம் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டராவது வேண்டும். நான்கு பேர் வீட்டில் மூன்று நாளுக்கு இரண்டு 20 லிட்டர் கேன் சரியாக இருக்கும், மூன்றாவது கேன் இருந்தால் நிம்மதி. ஆர்.ஓ. மெஷினை நம்பாதீர்கள், கரண்ட் போனால் அது வெறும் பெட்டி. புயல் எச்சரிக்கை வந்ததுமே மாடித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். தெருத் தண்ணீர் ஏறியதும் முதலில் கெடுவது தரையடியில் இருக்கும் சம்ப். நாங்கள் 2015இல் கரண்ட் வந்த சந்தோஷத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டோம். சம்ப்பில் இருந்த சாக்கடைத் தண்ணீர் அப்படியே மாடித் தொட்டிக்கும் போய்விட்டது. இரண்டையும் கழுவ ஒரு வாரம் ஆனது. மெடிக்கல் ஷாப்பில் குளோரின் மாத்திரை ஒரு அட்டை வாங்கி வையுங்கள். எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்பது அட்டைக்கு அட்டை மாறும், படித்துப் பார்த்துப் போடுங்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டி, மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட்டுக் குடிக்கலாம். கேஸ் இருந்தால் கொதிக்க வைப்பதே மேல். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் ஒரு 5 கிலோ சிலிண்டர் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கரண்ட் சமாசாரம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பேட்டரியைத் தரையில் வைக்காமல் உயரமான ஸ்டாண்டில் ஏற்றுங்கள். தண்ணீர் உள்ளே வரும் என்று தோன்றினால் மெயின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஈ.பி. கரண்ட் நின்றாலும் இன்வெர்ட்டர் வீட்டு ஒயரிங்கில் 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதையும் அணைத்த பிறகே தண்ணீரில் கால் வையுங்கள்.

பவர் பேங்க் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறோம். 20,000 எம்.ஏ.ஹெச். என்று மேலே கொட்டை எழுத்தில் இருப்பது உள்ளே உள்ள பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்கு. அது 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது 12,000 சொச்சம்தான் மிஞ்சும். பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று ஒரு எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். டார்ச்சில் நான் சார்ஜ் போடும் வகையை விட்டுவிட்டேன். மாதக்கணக்கில் தொடாமல் வைத்தால் அதன் பேட்டரி செத்துப்போகிறது. சாதாரண செல் போடும் டார்ச், தலையில் மாட்டுகிற மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது, இரண்டு கையும் சும்மா இருக்கும். செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து டார்ச்சையும் கெடுத்துவிடும். செல்லில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றும் வாங்குங்கள். டவர் போன பிறகு வெளியில் என்ன நடக்கிறது என்று சொல்ல எங்களுக்கு மாடி வீட்டுத் தாத்தாவின் டிரான்சிஸ்டர்தான் இருந்தது.

சாப்பாட்டுக்கு அவல், பொரி, கடலை மிட்டாய், பேரீச்சை, பால் பவுடர். அவலைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து வெல்லம் போட்டுச் சாப்பிடலாம். மேகி வாங்கி அடுக்குவதில் அர்த்தமில்லை, அதற்குத் தண்ணீரும் வேண்டும், அடுப்பும் வேண்டும்.

மருந்து ஒரு வாரத்துக்காவது கையில் இருக்கட்டும். கூடவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட், நாப்கின், கொசுவத்தி. என் அம்மாவுக்கு இன்சுலின். ஃப்ரிட்ஜ் ஓடாத மூன்று நாளில் அது கெட்டுப்போகாது, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துச் சமாளித்தோம். ஆனால் பயந்துபோய் ஐஸ்கட்டிக்குள் புதைத்து உறையவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பணம், ரொக்கமாக. 2016இல் வர்தா வந்தபோது ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் இருந்த 2,000 ரூபாய் நோட்டுக்குச் சில்லறை தர ஆள் இல்லை, கார்டு மெஷினும் வேலை செய்யவில்லை. பத்து, இருபது, நூறாக இரண்டாயிரம் ரூபாய் தனியாக வையுங்கள். ஜி பேயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தரைத்தளம் என்பதால் இன்னொன்று. தண்ணீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிவறை வழியாகப் பொங்கி வரும். நான்கைந்து பழைய சாக்கில் மணல் கட்டி வைத்திருந்து, கக்கூஸ் மேலும் குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டை மேலும் அழுத்தி வைக்கலாம். முழுதாக நிற்காது, ஆனால் சாமான்களை மேலே ஏற்ற நேரம் கிடைக்கும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வேண்டாம், தண்ணீர் அதற்கு மேலே போனால் உள்ளே நிரம்பி நடக்க விடாது. பின்பக்கம் வார் வைத்த செருப்பும், திறந்து கிடக்கும் வடிகாலைக் குத்திப் பார்க்க ஒரு நீளக் கம்பும் போதும்.

இதையெல்லாம் எங்கே வைப்பது? 2015இல் எங்களிடமும் டார்ச், மாத்திரை, ரேஷன் கார்டு எல்லாம் இருந்தன, டி.வி. ஸ்டாண்டின் கீழ் டிராயரில். முதலில் மூழ்கியது அதுதான். இப்போது மூடி போட்ட 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒன்று பரண்மேல் இருக்கிறது. கைப்பிடி இருப்பதால் ஒரே தூக்கில் மாடிக்குப் போய்விடலாம். மூடியின் உள்பக்கம் 1070, 1077 என்ற பேரிடர் எண்களையும் சொந்தக்காரர்கள் நம்பர்களையும் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன், போன் செத்தால் யார் நம்பரும் மனப்பாடமாக இல்லை என்பதால்.

வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று பக்கெட்டை இறக்குவோம். வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால் வரும் நாள், எப்படியும் வீட்டில் எல்லாவற்றையும் துடைக்கிறோம். அவல், கடலை மிட்டாயைத் தின்று தீர்த்துவிட்டுப் புதிது வைப்போம், மாத்திரை தேதி பார்ப்போம், பவர் பேங்கை சார்ஜில் போடுவோம். போன வருடம் அம்மா அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். சார்ஜ் ஒயர் சொருகும் ஓட்டையைத் தவிர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.