ஈஸ்மென்ட் இருந்தும் நடைபாதையை மூடலாமா? (அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம்)

மூடலாம். இங்கே ஈஸ்மென்ட் என்பது கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்: நிலத்தைப் பாதுகாக்க, வீடு கட்டாதே, துண்டு துண்டாகப் பிரித்து விற்காதே என்று உரிமையாளரைக் கட்டிப்போடும் பத்திரம். தனியாக எழுதியிருந்தால் ஒழிய, ஊரார் உள்ளே நடக்கும் உரிமை அதில் வராது.

நீங்கள் பத்து வருடம் நடந்த, ஈஸ்மென்ட் உள்ள நிலத்துப் பாதையில் புது உரிமையாளர் சங்கிலி போட்டுவிட்டார் என்கிறீர்கள். அநேகமாகப் பழையவர் வாய்வார்த்தையாக விட்டிருப்பார், நிலம் கைமாறியதும் அதுவும் போயிற்று. வெர்மான்ட்டின் நீண்ட மலை நடைபாதையான லாங் ட்ரெயிலே நெடுங்காலம் பல இடங்களில் இப்படி நில உரிமையாளர்களின் தயவில்தான் இருந்தது. 1986-இல்தான் அதைப் பராமரிக்கும் க்ரீன் மவுன்டன் கிளப் நிலமாகவும் ஈஸ்மென்ட்டாகவும் வாங்கிச் சேர்க்க முனைப்பாக இறங்கியது.

1. நிலம் இருக்கும் ஊரின் டவுன் கிளார்க் அலுவலகத்துக்குப் போங்கள் (வெர்மான்ட்டில் நிலப் பதிவு ஊர் அளவில்தான், கவுன்ட்டி எனும் மாவட்ட அளவில் இல்லை). ஈஸ்மென்ட் பத்திரத்தின் நகலை முழுசாக வாங்குங்கள், சுருக்கம் போதாது.

2. பொதுமக்கள் நடக்கலாம் என்ற வரி இருக்கிறதா, பாதை எது என்று வரைபடமோ அகலமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஈஸ்மென்ட்டை வைத்திருக்கும் லேண்ட் ட்ரஸ்டுக்கு (நிலப் பாதுகாப்பு அமைப்பு) எழுதுங்கள், அமல்படுத்துவது அவர்கள் வேலை. தயவுசெய்து சங்கிலியை வெட்டாதீர்கள்.

ஒரு வில்லங்கம்: ஈஸ்மென்ட்டுக்கு முந்தைய தேதியில் அடமானம் இருந்து, வங்கி தன் முன்னுரிமையை ஈஸ்மென்ட்டுக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தராமல் இருந்தால், கடனுக்காக நிலம் ஏலம் போகும்போது ஈஸ்மென்ட்டும் அடிபட்டுப் போகலாம். அப்புறம், 'இத்தனை வருடம் நடந்தோம், அனுபவ உரிமை' என்ற வாதத்தை நம்பாதீர்கள். அங்கே 15 வருடம் வேண்டும், அதுவும் அனுமதியோடு நடந்தது கணக்கில் சேராது.