முன்பல் கழன்று விழுந்தால்: ஆசிரியர்கள் கேட்டவை, குழந்தைகள் பல் மருத்துவர் சொன்னவை

கேள்வி: கபடியில் எட்டாம் வகுப்புப் பையனின் முன்பல் வேரோடு வந்துவிட்டது. பஞ்சில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சரிதானே டாக்டர்? (உடற்கல்வி ஆசிரியர்)

பதில்: பஞ்சு வேண்டாம் சார். வேரைச் சுற்றி உயிருள்ள மெல்லிய சவ்வு இருக்கிறது, காய்ந்தால் செத்துவிடும். ஒரு மணி நேரம் காய்ந்த பல்லை மீட்பது கடினம். அதனால் பல்லை அங்கேயே திரும்பப் பொருத்துவதுதான் முதல் வைத்தியம். வாய்க்குள் வெள்ளையாகத் தெரியும் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரில் விரல் படக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலில் அலசுங்கள், இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரில் சில நொடி காட்டுங்கள். தேய்க்கவே கூடாது. முன்பக்கம் பின்பக்கம் மாறாமல் குழிக்குள் மெதுவாக அழுத்தி, மடித்த கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் வண்டியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பொருத்தக் கை நடுங்குமே!

பதில்: நடுங்கட்டும், அதற்குத்தான் பால். பாக்கெட் பாலில் பல்லைப் போட்டு எடுத்து வாருங்கள். டீக்கடை அடுப்பில் கொதிக்கும் பாலைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள்! ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஆகும். எதுவுமே இல்லையென்றால் டம்ளரில் பிள்ளையையே எச்சில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். வெறும் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள்.

கேள்வி: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதேதானா?

பதில்: பால்பல்லைப் பொருத்தக்கூடாது டீச்சர், அடியில் வளரும் நிலைப்பல் கெடும். ஆறேழு வயதில் எது எதுவென்று குழப்பம் வரும். சந்தேகமென்றால் பொருத்தாமல் பாலில் போட்டுக் கொண்டு வாருங்கள்.

கேள்வி: பாதி உடைந்தால்?

பதில்: துண்டைத் தேடி எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கொண்டு வாருங்கள், பெரும்பாலும் ஒட்டிவிடலாம். துண்டு கிடைக்காமல் பிள்ளை இருமினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: இதை ஆசிரியர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சிக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். போதுமா? (தலைமையாசிரியை)

பதில்: போதும் மேடம், ஸ்லைடு மட்டும் வேண்டாம். படம் பார்த்தவர்கள் தலையாட்டுவார்கள், தாடை மாதிரியில் பல்லைப் பொருத்தச் சொன்னால் பாதிப் பேர் வேரைத்தான் பிடிப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது கையால் செய்து பார்க்க வேண்டும். சத்துணவு அமைப்பாளரையும் வேன் ஆயாவையும் உட்கார வையுங்கள், இடைவேளையில் பக்கத்தில் இருப்பது அவர்கள்தான். பல்லைப் பொருத்தப் பெற்றோர் சம்மதத்தைச் சேர்க்கையின்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: தலையை. மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.